தம்பியை லெஃப்ட் பேக்கில் போட்டார்கள்

ரங்கூனில் எங்கள் இன்செய்ன் பேட்டை டீக்கடையில் ஒரு கால்பந்து ஆட்டக்காரனை முடித்துவைக்க அதிக நாள் ஆகாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சொதப்பினால் “இன்னிக்கு அவனுக்கு நேரம் சரியில்ல” என்பார்கள். அடுத்த ஞாயிறும் சொதப்பினால் “அவன் கதை முடிஞ்சுது” என்று சொல்லிவிட்டு இன்னொரு டீ சொல்வார்கள். இந்த மழைக்காலத்தில் அப்படி முடித்துவைக்கப்பட்டவன் என் சித்தி மகன். போன வருஷம் இதே கடையில் அவனிடம் டீக்குக் காசு வாங்கமாட்டார்கள்.

அவன் கதை முடியவும் இல்லை, ஆட்டம் மறந்துபோகவும் இல்லை. கோலுக்கு முன்னால் நிற்கும் நாலு பேர் தடுப்பு வரிசையின் நடுவில், சென்டர் பேக்கில் நின்றவனைத் தூக்கி, அதே வரிசையின் இடது ஓரத்தில், லெஃப்ட் பேக்கில் போட்டார்கள், அவ்வளவுதான். மைதானத்தின் குறுக்கே அளந்தால் இருபது கஜம் வரும். வெளியே நின்று பார்ப்பவர்களுக்கு அதே நாலு பேர் வரிசை, அதே சட்டை. “டிஃபென்ஸ் ஆடுறவன் எங்க நின்னாலும் டிஃபென்ஸ்தானே ஆடணும்?” என்று ஒருவர் என்னிடமே கேட்டார். கேட்டவர் வாழ்நாளில் பந்தை உதைத்தவர் இல்லை, போகட்டும். உதைத்தவர்களும் இதையே கேட்கிறார்கள் என்பதில்தான் எனக்கு எரிச்சல்.

எங்கள் அணி பெரிய அணி ஒன்றும் இல்லை. 2009இல் தொடங்கிய மியான்மர் நேஷனல் லீக்குக்கு எத்தனையோ படி கீழே, பேட்டைப் பையன்கள் சந்தா போட்டு ஜெர்ஸி தைத்து ஆடுகிற அணி. பாதிப் பேர் பர்மியர், சில தமிழர், இரண்டு கரேன் இனத்துப் பையன்கள். லெஃப்ட் பேக் ஆடிக்கொண்டிருந்தவன் தண்ணீர்த் திருவிழா முடிந்த கையோடு மலேசியாவுக்குப் போய்விட்டான். இப்போது எந்த அணியிலும் இதே கதைதான். இன்று இருக்கிற பையன் அடுத்த மாதம் பாங்காக்கிலோ பினாங்கிலோ இருப்பான். ஏன் என்று நான் எழுத வேண்டியதில்லை, ரங்கூன்காரர்களுக்குத் தெரியும். மிச்சமிருந்தவர்களில் இடது காலால் உருப்படியாகப் பந்தைத் தூக்கி அனுப்பக்கூடியவன் தம்பி ஒருவன்தான். பயிற்சியாளரை நாங்கள் சயா என்போம். சயா கூப்பிட்டார். “உனக்கு இடது கால்தானே, அங்க போ” என்றார். சயா சொன்னால் மறுபேச்சு கிடையாது. அவனும் போய் நின்றான்.

இடது கால் என்ற ஒரே காரணத்தை வைத்து எடுத்த முடிவு இது. அதே இடது கால் சென்டரில் என்ன வேலை செய்துகொண்டிருந்தது என்று யாரும் பார்க்கவில்லை. சென்டர் பேக் இரண்டு பேரில் இடப்பக்கம் நிற்பவன் வலதுகால்காரனாக இருந்தால், பந்து வந்ததும் உடம்பை உள்ளே திருப்பி வலது காலுக்கு மாற்றிக்கொண்டுதான் அனுப்ப முடியும். அதற்குள் எதிரணி ஃபார்வர்டு நெருங்கிவிடுவான். இடதுகால்காரன் முதல் தொடுதலிலேயே பந்தை வெளிப்பக்கம் தள்ளி, ஓரத்தோடு நேராக, முன்னால் ஓரத்தில் ஓடுகிற விங்கருக்கு அடிப்பான். போன வருஷம் எங்கள் கோல்களில் பலவும் தம்பியின் அந்த நீளமான அடியில்தான் ஆரம்பித்தன. ஆக, லெஃப்ட் பேக் போன ஓட்டையை அடைக்கப்போய் சென்டரில் இன்னொரு ஓட்டை போட்டுக்கொண்டோம்.

நான் ஆடிய காலத்தில் கோல்கீப்பர். கோல்கீப்பருக்கு ஆட்டம் என்பது முக்கால்வாசி நேரம் நாலு பேருடைய முதுகுதான். அதைப் பார்த்துப் பார்த்தே யார் தடுமாறுகிறான், யார் நிதானமாக இருக்கிறான் என்று சொல்லிவிடலாம். நடுவில் நிற்கும் இரண்டு பேரின் முதுகு கோல்கீப்பருக்கு முழுசாகத் தெரியும். ஓரத்தில் நிற்கும் இரண்டு பேரின் முதுகு எப்போதும் சாய்வாகத் தெரிய வேண்டும்: ஒரு தோள் கோலைப் பார்த்து, ஒரு தோள் மைதானத்தைப் பார்த்து. இந்த சீசனின் முதல் ஆட்டத்தில் கோல் கம்பத்துக்குப் பின்னால் குடை பிடித்துக்கொண்டு நின்றேன். தம்பியின் முதுகில் ஒட்டியிருந்த எண்ணை ஆட்டம் முழுக்க நேராகப் படிக்க முடிந்தது. அப்போதே எனக்கு வயிற்றைக் கலக்கியது.

சென்டர் பேக்கிடம் வருகிற எதிரி பெரும்பாலும் முதுகைக் காட்டிக்கொண்டு வருகிறவன். ஃபார்வர்டு பந்தை வாங்க இறங்குவான். இவன் பின்னால் ஒட்டிக்கொண்டு, இடுப்பில் லேசாக ஒரு அழுத்து அழுத்தி, அவனைத் திரும்பவிடாமல் செய்ய வேண்டும். தம்பி அதில் கெட்டிக்காரன். நடுவரின் கண்ணுக்குத் தெரியாத அளவில்தான் அழுத்துவான். ஓரத்தில் நிலைமை தலைகீழ். விங்கர் முகத்தைக் காட்டிக்கொண்டு, ஓட்டத்தோடு, பந்தைக் காலில் வைத்துக்கொண்டு வருவான். அவனிடம் ஒட்டப்போனால் ஒரே தட்டில் தாண்டிப்போவான். பின்வாங்கிக்கொண்டே, பக்கவாட்டில் திரும்பிக்கொண்டே, அவனைக் கோட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு போக வேண்டும். கோட்டுக்கு அந்தப் பக்கம் ஆட்டம் கிடையாது. ஆகவே அவனுக்குப் போக்கிடம் ஒன்றுதான். தம்பிக்கு அந்தக் கோடு துணைக்கு இருக்கிறது என்பதே தெரியவில்லை. நாலைந்து வருஷமாக அவனுக்கு இரண்டு பக்கமும் ஆள் இருந்தது, கோடு இருந்ததில்லை. அதனால் விங்கர் நெருங்கியதும் நேருக்கு நேர் நின்று, பழைய பழக்கத்தில் காலை நீட்டினான். விங்கர் போய்விட்டான். டீக்கடையில் “காலு ஸ்லோ ஆயிடுச்சு” என்றார்கள். கால் அதே கால்தான். நின்ற நிலைதான் தப்பு.

ஜூலையில் ஒரு ஆட்டம். ரயில் பாதையை ஒட்டிய மைதானம். ஒரு பக்கம் சாக்கடை. மழைக்காலத்தில் அந்தப் பக்கம் நாலைந்து கஜ அகலத்துக்குத் தண்ணீர் கட்டி நிற்கும், பந்து உருண்டு வந்து அப்படியே உட்கார்ந்துவிடும். முதல் பாதியில் எங்கள் இடது பக்கம் சாக்கடைப் பக்கமாக இருந்தது. எதிரணி விங்கர் வேகக்காரன்தான், ஆனால் பந்தைத் தட்டிவிட்டு ஓடினால் ஆள் முன்னால் போகிறான், பந்து பின்னால் தண்ணீரில் நிற்கிறது. தம்பி நிதானமாக வந்து எடுத்துக்கொண்டான். இடைவேளையில் ஆளாளுக்கு முதுகில் தட்டினார்கள். “பாத்தியா, பழகிட்டான்!” எனக்குச் சிரிப்பாக வந்தது. நன்றாக ஆடியது சாக்கடைத் தண்ணீர்.

பக்கம் மாறியது. காய்ந்த பக்கம் வந்ததும் அந்த விங்கருக்கு இறக்கை முளைத்தது. ஆனால் கோல் விழுந்தது அவன் ஓட்டத்தால் இல்லை. பந்து எங்கள் வலது பக்கத்தில் இருந்தது. அங்கிருந்து உயரமாக ஒரு க்ராஸ் வரப்போகிறது. இந்த நேரத்தில் சென்டர் பேக் பந்தைப் பார்ப்பான், பந்தை நோக்கிப் போவான், தலையால் முட்டி வெளியே அனுப்புவான். லெஃப்ட் பேக் அப்படிப் போகக்கூடாது. அவனுக்குப் பந்து ஒரு பக்கம், அவன் ஆள் எதிர்ப்பக்கம், முதுகுக்குப் பின்னால். இரண்டையும் பார்க்கிற மாதிரி உடம்பைத் திறந்து நிற்க வேண்டும். ஒரு கண் பந்தில், ஒரு கண் தூரக் கம்பத்தில். தம்பி என்ன செய்தான்? பந்து காற்றில் ஏறியதும் நடுவை நோக்கி இரண்டு எட்டு வைத்தான். வீடு மாறிப் போன பிறகும் இருட்டில் பழைய வீட்டு ஸ்விட்ச் இருந்த இடத்தைத் தடவுகிற கை மாதிரி, அந்த இரண்டு எட்டும் தானாக நடந்தன. பந்து எல்லோர் தலைக்கும் மேலே போனது. தூரக் கம்பத்தில் விங்கர் தனியாக நின்றான். சரியாகக்கூட உதைக்கவில்லை, முழங்காலுக்குக் கீழே எலும்பில் பட்டு உள்ளே போனது. எங்கள் வரிசையின் கடைசி ஆளையும் தாண்டி நின்று பந்து வாங்கினான், ஆஃப்சைடு என்று தம்பி கையைத் தூக்கினான். கொடி ஏறவில்லை. ஏறாதுதான், வரிசையில் கடைசியாக, மற்ற மூன்று பேரையும்விட ஒரு எட்டு கீழே இருந்தவன் அவனே.

அந்த ஒரு எட்டுக்கும் காரணம் உண்டு. சென்டரில் இருந்தபோது வரிசை எங்கே நிற்க வேண்டும் என்று முடிவு செய்தவன் அவன். அவன் நின்ற இடம்தான் வரிசை. இப்போது வரிசையை வேறொருவன் வைக்கிறான். இவன் கழுத்தைத் திருப்பிப் பார்த்து அதற்கு ஒத்து நிற்க வேண்டும். பந்து, விங்கர், வரிசை என்று மூன்று திசையில் பார்வை போக வேண்டிய இடத்தில், பார்க்கப் பழகாத திசையைத்தான் மூளை முதலில் கைவிடும்.

இன்னொரு இழப்பு வெளியே யாருக்கும் தெரியாதது. சென்டரில் தம்பிக்கு ஜோடியாக நின்றவனும் தமிழ்ப் பையன், ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கம் வீடு. சின்ன வயதிலிருந்தே சேர்ந்து ஆடியவர்கள். மற்றவர்களிடம் பர்மிய மொழியில் கத்துவார்கள், தங்களுக்குள் தமிழ். “ஏறு ஏறு.” “விடு, அவன் போகட்டும்.” “பின்னாடி ஒருத்தன்.” “நான் போறேன், நீ நில்லு.” எதிரணி ஃபார்வர்டுக்கு இவர்கள் இரண்டு பேரும் ஏதோ சண்டை போட்டுக்கொள்வதாகத் தோன்றும், அடுத்த நொடி அவன் ஆஃப்சைடில் நிற்பான். எதிரணியில் தமிழ்ப் பையன் எவனாவது இருந்தால் மட்டும் இந்த வித்தை எடுபடாது, அன்றைக்கு மட்டும் கண்ணாலேயே பேசிக்கொள்வார்கள். ஒருமுறை ஒரு நடுவர் இரண்டு பேரையும் கூப்பிட்டு, ஆட்டத்தில் கெட்ட வார்த்தை பேசக்கூடாது என்று எச்சரித்தார். பாவம், அன்றைக்கு அவர்கள் பேசியதில் கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லை.

இப்போது இருவருக்கும் நடுவில் ஒரு பர்மியப் பையன். நல்ல பையன், நன்றாகவும் ஆடுகிறான். ஆனால் “பின்னாடி ஒருத்தன்” என்ற குரல் அவனைத் தாண்டி ஓரத்துக்கு வருவதில்லை. தமிழில் கத்தினால் நடுவில் இருப்பவனுக்குப் புரியாது, பர்மிய மொழியில் கத்தினால் யாருக்குச் சொல்கிறான் என்று மூன்று பேரும் திரும்பிப் பார்க்கிறார்கள். தம்பி வாயாடி. மைதானத்தில் அவன் குரல் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் வரை கேட்கும். சென்டரில் நிற்பவன் ஆட்டம் முழுக்க ஆணை போடுகிறவன். ஓரத்தில் நிற்பவன் ஆணை போட முன்னால் ஒரு விங்கர் மட்டுமே, அவனும் திரும்பிப் பார்க்கமாட்டான். மூன்றாவது நாலாவது ஆட்டத்தில் கவனித்தேன், தம்பி பேசுவதையே விட்டுவிட்டான். பேசாத டிஃபென்டர் பாதி டிஃபென்டர் என்பது என் கட்சி. கோல்கீப்பர்களைக் கேட்டுப் பாருங்கள், எல்லோரும் இதையே சொல்வார்கள்.

மூச்சு விஷயமும் உண்டு, ஆனால் அதைப் பெரிதாகச் சொல்ல விரும்பவில்லை. சென்டர் பேக்கின் ஓட்டம் சின்னச் சின்ன வெட்டு ஓட்டம். லெஃப்ட் பேக் மேலே ஏறி க்ராஸ் போட்டுவிட்டு, பந்து பறிபோனால் அத்தனை தூரமும் திரும்பி ஓடி வர வேண்டும். ஜூலை மாத ரங்கூன் புழுக்கத்தில் அது லேசுப்பட்டதில்லை. ஆனால் உடம்பு சில வாரத்தில் பழகிவிடும். எப்போது ஏறுவது, எப்போது இருப்பது என்பதுதான் பழகாது. வெளியிலிருந்து “மேல போ, மேல போ” என்று கத்துகிறார்கள் என்பதற்காக ஏறினான். பந்து இன்னும் நடுவில் யார் காலிலும் நிலைக்காமல் இருக்கும்போதே ஏறினான். லெஃப்ட் பேக் என்றால் ஏற வேண்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், ஏறுகிறான். அவன் விட்டுப்போன இடத்தில் பந்து விழுகிறது.

இரவில் டீக்கடையில் இங்கிலீஷ் லீக் ஓடும். அங்கே பகல் மூன்று மணி ஆட்டம் நமக்குக் கோடையில் இரவு எட்டரை, குளிர்காலத்தில் ஒன்பதரை. கரண்ட் போனால் ஜெனரேட்டர் போட்டாவது காட்டுவார்கள், இல்லாவிட்டால் கடை காலியாகிவிடும். தம்பி அங்கே வருவதை நிறுத்திக்கொண்டான். திரையில் ஆடுகிறவனைத் திட்டுவதுபோல் இவனைத் திட்டுகிறார்களாம். பந்தயம் கட்டித் தோற்றவர்கள் பக்கத்தில் இருந்தால் இன்னும் மோசம். அதனால் அவன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து என் போனில் பழைய ஆட்டங்கள் பார்த்தோம். நான் தேடி எடுத்தது 2014 உலகக் கோப்பை ஜெர்மனி.

பெனடிக்ட் ஹோவெடஸ் என்று ஒரு டிஃபென்டர். ஜெர்மனியின் ஷால்கே அணிக்கு கேப்டன், பழக்கம் சென்டர் பேக், வலதுகால்காரர். அவரைப் பயிற்சியாளர் யோவாகிம் லோ அந்த உலகக் கோப்பை முழுவதும் லெஃப்ட் பேக்கில் ஆடவைத்தார். தொடக்க ஆட்டங்களில் நாலு பேர் வரிசையில் நாலு பேருமே சென்டர் பேக்குகள்: போவாடெங், மெர்ட்டெசாக்கர், ஹும்மெல்ஸ், ஹோவெடஸ். ஃபிலிப் லாம் நடுக்களத்தில் இருந்தார். பிரான்சுக்கு எதிரான காலிறுதியிலிருந்துதான் ஆட்டத் தொடக்கத்திலேயே ரைட் பேக்கில் நின்றார். ஹோவெடஸ் ஒரு நிமிஷம்கூட வெளியே போகாமல் ஏழு ஆட்டமும் ஆடினார். இறுதி ஆட்டத்தில் முதல் பாதி முடிகிற நேரம், கார்னரில் அவர் தலையால் முட்டிய பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. கோப்பை ஜெர்மனிக்கு.

தம்பி வெகுநேரம் பேசாமல் பார்த்தான். பிறகு, “இவர் மேல ஏறவே இல்லையேண்ணே” என்றான்.

நான் காட்ட நினைத்தது அதைத்தான். அவ்வப்போது ஏறினார், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஜெர்மனி அவரிடம் ஓரத்து ஓட்டத்தையும் க்ராஸையும் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. ‘நீ சென்டர் பேக், இடது ஓரத்தில் நிற்கிற சென்டர் பேக்காகவே இரு, மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்’ என்கிற ஏற்பாடு அது. ஆளை மாற்றாமல் வேலையை மாற்றினார்கள். 2023இல் இஸ்தான்புல்லில் சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தைத் தொடங்கிய மான்செஸ்டர் சிட்டியிலும் இதே கணக்குதான். அக்காஞ்சி, டியாஸ், ஆகே, ஸ்டோன்ஸ் நாலு பேரும் சென்டர் பேக்காக ஆடிப் பழகியவர்கள். ஆகே இடதுகால்காரர், தம்பியைப் போலவே சென்டரிலிருந்து இடது ஓரத்துக்கு வந்தவர். ஸ்டோன்ஸோ பந்து தங்கள் காலில் இருக்கும்போது நடுக்களத்துக்கே ஏறிப் போனார். இவர்கள் எல்லோரும் மேதைகள் என்பதால் எங்கே போட்டாலும் ஆடினார்கள் என்று சொல்வது சோம்பேறித்தனமான விளக்கம். ஒவ்வொருவரும் போய் நின்ற இடத்தைச் சுற்றி மற்ற பத்துப் பேரையும் நகர்த்திவைத்தார்கள்.

அஸ்பிலிக்வெட்டா கதை கொஞ்சம் வேறு. இங்கிலாந்தின் செல்சி அணியில் வலதுகால்காரரான அவரைப் பயிற்சியாளர் மொரீன்யோ லெஃப்ட் பேக்கில் போட்டார். அங்கிருந்தபடியே 2014–15 சீசனில் லீக் ஜெயித்தார்கள். பிறகு பயிற்சியாளராகக் கோன்ட்டே வந்து மூன்று பேர் டிஃபென்ஸ் வைத்தபோது அதில் வலப்பக்கத்து ஆளானார். 2016–17இல் 38 ஆட்டத்திலும் ஒரு நிமிஷம் விடாமல் ஆடி மறுபடியும் லீக் ஜெயித்தார்கள். இவரை மட்டும் எங்கே வேண்டுமானாலும் நிற்கிற ஆள் என்று ஒப்புக்கொள்கிறேன். லட்சத்தில் ஒருவர் அப்படி இருப்பார். இன்செய்னில் சந்தா கட்டி ஆடுகிற பையனிடம் அதை எதிர்பார்ப்பது நியாயம் இல்லை.

இதை எங்கள் பெரிய மாமாவிடம் சொல்லி மாட்டிக்கொண்டேன். மாமாவுக்கு இரண்டு நாட்டுப் பெருமையும் உண்டு. ஒரு மூச்சில் 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் பர்மா ஈரானை வென்று தங்கம் வாங்கியதையும், 1968இல் டெஹ்ரானில் ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடம் பிடித்ததையும், 1970இல் தென்கொரியாவோடு தங்கத்தைப் பகிர்ந்துகொண்டதையும் சொல்வார். அடுத்த மூச்சில் இந்தியாவுக்குப் போவார்.

“ஜர்னைல் சிங் என்ன பண்ணாரு? ஸ்டாப்பர்தானே? தலையில அடிபட்டுத் தையல் போட்டுக்கிட்டு வந்து ஃபார்வர்டு ஆடலையா? கோல் அடிக்கலையா? உன் தம்பிக்கு என்னடா, தலையில தையலா போட்டிருக்கு?”

மாமா சொன்னது நடந்த கதைதான். ஸ்டாப்பர் என்பது சென்டர் பேக்குக்குப் பழைய பெயர். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் காயம். பயிற்சியாளர் ரஹீம் அவரை முன்வரிசைக்கு ஏற்றினார். அரையிறுதியில் தென்வியட்நாமுக்கு எதிராக ஒரு கோல், இறுதி ஆட்டத்தில் தென்கொரியாவுக்கு எதிராக ஒரு கோல். இந்தியா 2–1 என்று ஜெயித்துத் தங்கம் வாங்கியது. மாமாவோடு வாதாடி ஜெயித்தவர்கள் எங்கள் குடும்பத்தில் இல்லை, நானும் முயலவில்லை. ஆனால் ஜர்னைல் சிங் போனது முன்னால். முன்னால் போனவன் ஐந்து பந்தைத் தவறவிட்டால் யாரும் எண்ணமாட்டார்கள். ஆறாவதை உள்ளே போட்டால் பேப்பரில் பெயர் வரும். ஸ்டாப்பராக இருந்தவர் என்பதால் எதிரணி ஸ்டாப்பர் எங்கே தடுமாறுவான் என்பதும் அவருக்கு அத்துப்படி. பின்வரிசைக்குள்ளேயே ஓரமாகத் தள்ளப்பட்டவனுக்கு அந்தச் சலுகை கிடையாது. அவன் பாடம் படிக்கிற ஒவ்வொரு தடவையும் எதிரணிக்கு ஒரு கோல் விழுகிறது, பாடம் படிப்பதைப் பார்க்க ஊரே கரையில் நிற்கிறது.

சித்திக்கு இதில் எல்லாம் ஒன்றும் புரியாது. பையன் சரியாகச் சாப்பிடுவதில்லை என்பது மட்டும் புரிந்தது. பீலிக்கான் முனீஸ்வரர் கோயிலுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறாள். “யாரோ கண்ணு வச்சிட்டாங்கப்பா” என்கிறாள். வரிசையில் ஒரு எட்டுப் பின்னால் நிற்கிறான் சித்தி, அதுதான் காரணம் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? “வேண்டிக்குங்க சித்தி, நல்லதுதான்” என்றேன்.

ஆகஸ்டில் நான் சயாவைப் பார்க்கப் போனேன். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. பதினோரு பேர் சேர்ப்பதே பாடாக இருக்கிற காலத்தில் அவர் இருப்பதை வைத்து ஓட்டுகிறவர். தம்பியைச் சென்டருக்கே திருப்புங்கள் என்று கேட்கவில்லை. கேட்டாலும் நடக்காது என்று தெரியும். கேட்டது ஒன்றே ஒன்று: சென்டரில் இருக்கிற இரண்டு பேரையும் இடம் மாற்றி நிறுத்துங்கள், தமிழ்ப் பையன் இடப்பக்கம் வரட்டும், பர்மியப் பையன் வலப்பக்கம் போகட்டும். தம்பிக்குப் பக்கத்தில் அவன் பழகிய குரல் கேட்கும். கூடவே இன்னொன்றும் சொன்னேன், அவனை மேலே ஏறச் சொல்லாதீர்கள். ரைட் பேக் ஏறட்டும், இவன் பின்னாலேயே இருக்கட்டும். மூன்று பேர் பின்னால் இருப்பதுபோல் ஆகிவிடும். சயா வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார். சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. “கோல்கீப்பர் எல்லாம் இப்படித்தான், எல்லாரையும் பின்னாலேயே நிக்கச் சொல்வாங்க” என்று மட்டும் சிரித்தார்.

அடுத்த ஆட்டத்தில் அப்படித்தான் நிறுத்தியிருந்தார். அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. 1–1. ஆனால் முதல் கால் மணி நேரத்திலேயே அந்தப் பழைய சத்தம் கேட்டது: “பின்னாடி ஒருத்தன், பின்னாடி ஒருத்தன்!” தம்பி கழுத்தைத் திருப்பினான், ஆளைப் பார்த்தான், இரண்டு எட்டு வைக்காமல் நின்றான். க்ராஸ் வந்தது, விங்கரோடு சேர்ந்து எழும்பி முட்டினான், பந்து வெளியே போனது. கார்னர். டீக்கடைக்காரர்கள் யாரும் அதைக் கவனித்திருக்கமாட்டார்கள். நடக்காத கோலுக்கு யாரும் கைதட்டுவதில்லை. இரண்டாம் பாதியில் விங்கர் நேராக வந்தபோது, பக்கவாட்டில் திரும்பிப் பின்வாங்கிக்கொண்டே போய் அவனைக் கோட்டோடு நெருக்கினான். பந்து வெளியே உருண்டது. அப்போது அவன் முதுகில் எண் பாதிதான் தெரிந்தது. அதற்குப் பிறகு ஒருமுறை காலை நீட்டி ஏமாந்தான், அதுவும் உண்மை. ஜோடிக்காரன் வந்து காப்பாற்றினான், தமிழில் அவனுக்கு நல்ல அர்ச்சனையும் கிடைத்தது. இந்தத் தடவை நடுவர் எச்சரித்திருந்தால் நியாயமாக இருந்திருக்கும்.

இப்போது ஒரு புதுச் செய்தி. இடதுகால்காரப் பையன் ஒருவனைச் சயா கண்டுபிடித்திருக்கிறாராம். பத்தாம் வகுப்பு படிக்கிறான், பிறவி லெஃப்ட் பேக், காற்றாகப் பறக்கிறான் என்கிறார்கள். வீட்டில் விட்டால் அடுத்த மாதம் வந்துவிடுவான். தம்பியிடம் சொன்னேன், சந்தோஷப்படுவான் என்று நினைத்து.

“அப்ப நான் எங்க நிக்கிறது?” என்றான்.

“சென்டர்லதான்.”

“சென்டர்ல ஆள் இருக்குண்ணே.”

எனக்குப் பதில் வரவில்லை. அந்தப் பர்மியப் பையன் இந்த சீசனில் எங்கள் அணியிலேயே சிறந்த டிஃபென்டர். வலப்பக்கம் போனபிறகு இன்னும் நன்றாக ஆடுகிறான். அவனைத் தூக்கச் சொல்லி நானே சயாவிடம் போய்க் கேட்கமாட்டேன். தற்காலிகம் என்று சொல்லி அனுப்பப்பட்டவன் திரும்பி வருகிறபோது பழைய இடத்தில் வேறொருவன் நன்றாகவே ஊன்றியிருப்பான். இடமாற்றத்தில் இருக்கிற அநியாயம் இதுதான், கோல் விழுவது எல்லாம் அப்புறம். மூன்று பேரையும் பின்னால் வைத்து, புதுப் பையனை அவர்களுக்கு முன்னால் ஓரத்தில் பறக்கவிட்டால் நாலு பேருக்கும் இடம் கிடைக்கும். கோன்ட்டே செய்தது கிட்டத்தட்ட அதுதான். சயாவிடம் இதைச் சொன்னால் கோல்கீப்பர் புத்தி என்று மறுபடியும் சிரிப்பார். இருந்தாலும் சொல்லத்தான் போகிறேன்.

அதற்கு முன்னால் வருகிற ஞாயிறு ஒரு ஆட்டம் இருக்கிறது, அதே சாக்கடை மைதானத்தில். எதிரணி ரைட் விங்கர் பேய் ஓட்டம் ஓடுவான் என்று கேள்வி. டாஸ் ஜெயித்தால் முதல் பாதியில் காய்ந்த பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேப்டனிடம் சொல்லிவைத்திருக்கிறேன். தம்பிக்குக் கால் புதுசாக இருக்கும்போது ஓடி ஈடுகொடுக்கட்டும். களைத்த பிறகு தண்ணீர் அவன் பக்கம் இருக்கட்டும்.